ஆகாய விமானமும் எலுமிச்சம்பழமும்

(வடக்குப்பட்டில் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று இங்கு நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், சொந்தமாகக் கட்டும் சிறு ஆகாய விமானத்தில், சுழல் யந்திரத்துக்குப் பெட்ரோலைத் தடையின்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதாகும். இதைக் கேட்ட சில நண்பர்கள், "சாமி இல்லை, சாத்திரம் இல்லை என்று பேசுகிறவருக்கு இதில் என்ன வேலை?" என்று சிரித்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமே. நாம் யந்திரக் கல்லூரியின் வாசற்படியை மிதித்தவரல்ல. புத்தகம் வாங்கிப் படித்ததும், பட்டறையில் நின்று பார்த்ததும், தெரிந்தவர்களைக் கூச்சமில்லாமல் கேட்டதுமே நமது படிப்பாகும். ஆகையால், நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் கையில் அளவு ஜாடி இருக்கின்றது, கடிகாரம் இருக்கின்றது, அழுத்தமானி இருக்கின்றது. அளந்து பாருங்கள். அளவுக்கு ஒத்து வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலாவதாக, இந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பக்கம் ஒரகடமும் மறுபக்கம் ஸ்ரீபெரும்புதூருமாக, காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கிற தொழிற்சாலைகளுக்கு நடுவில் நாம் நிற்கின்றோம். ஸ்ரீபெரும்புதூர் என்றால் வெளியூர்க்காரருக்கு இராமானுஜர் பிறந்த ஊர் என்றுதான் முன்பெல்லாம் தெரியும். இந்த வடக்குப்பட்டிலோ, 2022 ஆம் வருஷத்தில் தொல்லியல் துறையார் மேட்டைத் தோண்டியபோது, பல்லாயிரம் வருஷங்களுக்கு முந்திய மனிதர் செதுக்கிய கல் ஆயுதங்கள் கிடைத்தன. இங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள பல்லாவரத்தில் 1863 ஆம் வருஷம் மே மாதம் 30ந் தேதி இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அதிகாரி ஒரு கற்கோடாரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அன்றுதான் ருஜு ஏற்பட்டது.

அந்தக் கல்லைச் செதுக்கியவன் என்ன தெய்வத்தைக் கும்பிட்டானோ, அது நமக்கு வேண்டாம். ஆனால் ஒன்று நிச்சயம். கல்லின் முனை மழுங்கினால் அவன் மறுபடியும் தட்டிக் கூராக்கினான். தட்டுகிற கோணம் தப்பினால் கல் உடைந்தது. உடைந்ததை எறிந்துவிட்டு வேறு கல்லை எடுத்தான். தப்பைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுவது என்கின்ற அந்த வேலைதான் மனிதனுடைய முதல் பட்டறை வேலை. கற்கோடாரி அகப்பட்ட அதே பல்லாவரத்தில்தான், 1910 ஆம் வருஷத்தில், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த டி ஏஞ்செலிஸ் என்பவர் தாம் கட்டுவித்த விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தார். அதைச் செய்து கொடுத்தது சென்னையில் வண்டி கட்டும் தொழில் நடத்திய சிம்ப்சன் கம்பெனி. விமானத்தை நினைத்தவர் ஹோட்டல்காரர். கட்டியவர்கள் தச்சரும் கொல்லரும். இதில் எந்த ரிஷியும் இல்லை, எந்த மந்திரமும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் நம் நாட்டில் விமானம் என்ற உடனே, "இது நமக்குப் புதிதா? புஷ்பக விமானம் இல்லையா?" என்று சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயாராய் இருக்கின்றது. "வைமானிக சாஸ்திரம்" என்று ஒரு புத்தகம் காட்டுகிறார்கள். பரத்வாஜ முனிவர் அருளியது என்கிறார்கள். உள்ளபடி என்னவென்றால், சுப்பராய சாஸ்திரி என்பவர் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் வாயால் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதிக்கொண்டது அது. 1974 இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த முகுந்தா, தேஷ்பாண்டே, நாகேந்திரா, பிரபு, கோவிந்தராஜு என்னும் ஐந்து பேர் அதை வரிவரியாக ஆராய்ந்தார்கள். நூல் 1904க்கு முந்தியதாய் இருக்க முடியாது என்றும், அதில் கண்ட விமானங்களில் ஒன்றுகூடப் பறக்கும் யோக்கியதை உள்ளதல்ல என்றும் சொல்லிவிட்டார்கள். இருந்தும், 2015 இல் பம்பாயில் கூடிய விஞ்ஞான காங்கிரசில் அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை படிக்கப்பட்டது. நாற்பது வருஷங்களுக்கு முன் செத்துப்போன பொய்க்கு மறுபடியும் மாலை போட்டுப் பல்லக்கில் ஏற்றினார்கள் என்றால், நம் நாட்டில் பொய்க்கு இருக்கும் ஆயுசு மெய்க்கு இல்லை என்றுதானே சொல்லவேண்டும்!

நிற்க. இனி யந்திர விஷயத்துக்கு வருவோம்.

சுழல் யந்திரம் என்ற பெயரில் இரண்டு உண்டு. ஒன்று பழையது. 1908, 1909 வாக்கில் பிரான்சு தேசத்தில் செகான் சகோதரர்கள் செய்த நோம் யந்திரம். அதில் நடுத்தண்டு நிற்கும். சிலிண்டர்கள் அத்தனையும் விசிறியோடு சேர்ந்து சுற்றும். சுற்றுகிற யந்திரத்துக்குப் பெட்ரோலை எப்படிக் கொடுப்பது? நிற்கிற தண்டைக் குழாய்போல் துளைத்து, அதன் வழியே கொடுத்தார்கள். உள்ளே பெட்ரோலும் காற்றும் கலந்திருப்பதால் சாதாரண எண்ணெய் கரைந்துபோகும். ஆகவே பெட்ரோலில் எளிதில் கரையாத ஆமணக்கெண்ணெயை ஊற்றினார்கள். நம் பாட்டிமார் குழந்தைகளுக்குப் பேதிக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான் முதலாவது மகாயுத்தத்தில் ஆகாயத்தில் பறந்தது. அதன் புகையைச் சுவாசித்த விமானிகளுக்கும் வயிறு போனதாகச் சொல்லுவார்கள்!

மற்றொன்று புதியது. இன்று சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் சிலர் விரும்புவது இதைத்தான். நடுவில் சற்று இடுப்புச் சிறுத்த நீள்வட்டம் போன்ற கூட்டுக்குள், மூன்று முனையுள்ள சுழலி ஒன்று சுற்றுகிறது. வால்வு இல்லை, மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் பிஸ்டன் இல்லை. இரண்டு சுழலியும் ஒரு தண்டுமே முக்கியமாக அசையும் உறுப்புகள். அதிர்வு குறைவு, பருமனும் குறைவு. இதை யோசித்தவர் ஜெர்மனியில் 1902 இல் பிறந்த பெலிக்ஸ் வாங்கெல். தகப்பனார் யுத்தத்தில் இறந்துபோகப் பல்கலைக்கழகம் போக வழியில்லாமல், புத்தக வியாபாரியிடம் வேலை பார்த்துக்கொண்டே தானாகப் படித்தவர். மோட்டார் ஓட்டும் லைசென்சுகூட அவருக்கு இருந்ததில்லை. 1957 இல் அவருடைய யந்திரம் முதன்முதல் ஓடியது.

இதைக் கேட்டவுடன் அவருக்கும் ஒரு படம் மாட்டி மாலை போட்டுவிடாதீர்கள். அந்த மனிதர் நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தவர். பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் அந்தக் கொள்கை நமக்குப் பரம விரோதம். யந்திரத்தை எடுத்துக்கொள்ளுவோம், கொள்கையைக் குப்பையில் போடுவோம். அன்றியும், இன்று ஓடுகிற வடிவத்தை அமைத்தவர் வாங்கெல் அல்ல. அதே கம்பெனியில் வேலை செய்த பாஷ்கே என்னும் என்ஜினீயர். ஒருவன் ஆரம்பிப்பான், மற்றொருவன் திருத்துவான். விஞ்ஞானத்தில் ரிஷி கிடையாது, வேதமும் கிடையாது.

ஜப்பானில் நடந்த ஒரு சங்கதியையும் சொல்லவேண்டும். ஹிரோஷிமாவில் உள்ள மாஸ்டா கம்பெனியார் இந்த யந்திரத்தை வாங்கிச் செய்து பார்த்தபோது, சுழலியின் முனையிலுள்ள அடைப்புப் பட்டைகள் கூட்டின் சுவரை வரிவரியாய்ப் பிறாண்டிவிட்டன. அந்தக் கீறல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் "பிசாசின் நகக்குறி" என்பதாகும். இங்கேயாய் இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? வேப்பிலை அடித்திருப்பார்கள், தாயத்துக் கட்டியிருப்பார்கள். அங்கே யமாமோட்டோ கெனிச்சி என்பவரின் தலைமையில் 47 பேர் உட்கார்ந்து, பிசாசு எங்கே இருக்கிறதென்று தேடினார்கள். பட்டை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வீணைத் தந்திபோல் அதிர்ந்து துள்ளுகிறது என்று கண்டார்கள். பட்டையின் வடிவை மாற்றினார்கள். அது செய்யப்படும் பொருளை மாற்றினார்கள். பிசாசு ஓடிவிட்டது. 1967 இல் அந்த யந்திரம் பொருத்திய கார் விலைக்கு வந்தது. 1991 இல் பிரான்சிலே லெமான் என்னுமிடத்தில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் அதே கம்பெனியின் சுழல் யந்திரக் கார் முதலாவதாக வந்தது. நம் நாட்டிலும், நிஷாந்த் என்கின்ற ஆளில்லா விமானத்துக்கென்று 55 குதிரைச் சக்தியுள்ள சுழல் யந்திரத்தைச் சர்க்கார் ஆராய்ச்சிச் சாலைகள் செய்து, 2009 இல் கோலார் பக்கத்தில் பறக்கவிட்டிருக்கின்றன. ஆகவே இது நம்மால் ஆகாத காரியம் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

இப்போது பெட்ரோல். ரோட்டில் போகும் காருக்குப் பெட்ரோல் நின்றுபோனால் ஓரமாய் நிறுத்திவிட்டுத் தள்ளலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது? அன்றியும் சுழல் யந்திரத்துக்கு ஒரு விசேஷ ஆபத்து உண்டு. பெட்ரோல் முழுவதும் நின்றால் யந்திரம் அணையும். கொஞ்சம் குறைந்தாலோ, கலவை வறண்டு, தட்டிவெடிக்க ஆரம்பிக்கும். அந்தத் தட்டலில் முனைப் பட்டை உடையும். அப்புறம் பெட்ரோல் வந்தும் பிரயோஜனமில்லை. ஆகவே இதில் பாதி கொடுப்பது, கொடாததைவிடக் கேடு.

எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் பார்ப்போம். இரண்டு சுழலியுள்ள மாஸ்டா யந்திரம் ஒன்று 180 குதிரைச் சக்தி கொடுக்கும்போது, மணிக்குச் சுமார் 60 லிட்டர் குடிக்கும் என்று வையுங்கள். அமெரிக்க சர்க்காரின் பழைய விமான விதி ஒன்று, பம்பு வைத்துக் கொடுத்தால் தேவைக்கு 125 சதவீதமும், உயரத்திலிருந்து தானாக இறங்கும்படி விட்டால் 150 சதவீதமும் வரவேண்டும் என்று சொல்லிற்று. சொந்தமாய்க் கட்டுகிறவனுக்கும் அது நல்ல அளவுகோல். அப்படியானால் பம்பு மணிக்கு 75 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு ஒன்றேகால் லிட்டர் கொடுக்கவேண்டும். ஐந்து லிட்டர் ஜாடி நாலு நிமிஷத்துக்குள் நிறைய வேண்டும். இதற்குப் பஞ்சாங்கம் வேண்டாம். ஜாடியும் கடிகாரமும் போதும். ஆனால் குழாயைச் சும்மா திறந்துவிட்டு அளப்பது அளவல்ல. யந்திரத்துக்குள் பெட்ரோலைப் பீச்ச, சதுர அங்குலத்துக்குச் சுமார் 40 பவுண்டு அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தில் அளக்கவேண்டும். அதுவும் விமானத்தின் மூக்கை, ஏறும்போது எவ்வளவு நிமிருமோ அவ்வளவு நிமிர்த்தி வைத்து, தொட்டியில் கொஞ்சமே பெட்ரோல் இருக்கும்போது அளக்கவேண்டும். தாராளமாய் இருக்கும்போது யாரும் தர்மவானே. குறைந்த காலத்தில்தான் குணம் தெரியும்.

அடுத்தது சூடு. பெட்ரோல் தண்ணீரைப் போலல்ல, லேசில் ஆவியாகும். நம் ஊர் வெயிலில் 38 டிகிரியில் அதன் ஆவி, காற்றழுத்தத்தில் பாதிக்கு மேலான பலத்தோடு தள்ளுகிறது. 60 டிகிரியை நெருங்கினாலோ, சும்மா இருக்கும்போதே கொதிக்க ஆரம்பிக்கும். கத்திரி வெயிலில் நிறுத்திவைத்த விமானத்தின் மூடிக்குள், யந்திரத்துக்குப் பக்கத்திலே இருக்கும் குழாய்க்கு அந்தச் சூடு சாதாரணம். பம்பை யந்திரத்தோடு உயரத்தில் வைத்துத் தொட்டியிலிருந்து உறிஞ்சச் சொன்னால், உறிஞ்சுகிற குழாயில் அழுத்தம் இன்னும் குறையும். பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்பு ஆவியை இறைக்காது. கூச்சல் போடும், அவ்வளவுதான். ஆகையால் பம்பைத் தொட்டிக்கு அருகில், தாழ்வில், குளிர்ந்த இடத்தில் வைத்து, உறிஞ்சாமல் தள்ளும்படி செய்யுங்கள். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் லேசில் கொதிக்காது. மிச்சமானது திரும்பித் தொட்டிக்கே போகும்படி மறுகுழாய் வையுங்கள். சூட்டையும் ஆவியையும் அது கூட்டிக்கொண்டு போய்விடும். எந்தத் தொட்டியிலிருந்து எடுத்ததோ அந்தத் தொட்டிக்கே திரும்பவேண்டும். இல்லாவிட்டால் ஒன்று வற்றும், மற்றொன்று வழிந்து வீணாகும்.

பம்பு இரண்டு வையுங்கள். ஒன்று கெட்டால் மற்றொன்று ஓடவேண்டும். கெட்டதன் வழியாக நல்லதன் பெட்ரோல் பின்னுக்குப் போகாமல் இரண்டுக்கும் ஒருவழி வால்வு வேண்டும். இரண்டுக்கும் மின்சாரம் தனித்தனிக் கம்பியில் வரவேண்டும். இரண்டு பம்பு வைத்து ஒரே ஃபியூசில் கட்டுவது, இரண்டு கதவு வைத்து ஒரே தாழ்ப்பாள் போடுவது போலாகும். பம்புக்கு முன் பெருங்கண் வடிகட்டியும், பின் சிறுகண் வடிகட்டியும் வேண்டும். இப்போது நம் பங்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கின்றது. அது சில ரப்பர் குழாய்களை ஊதவைக்கும். தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு கண்ணாடி ஜாடியில் அளந்த தண்ணீரையும் பெட்ரோலையும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். அடியில் தங்கும் தண்ணீர் முன்னைவிட ஏறியிருந்தால், ஏறினது எத்தனால். எந்தக் குழாய் தாங்கும், எது தாங்காது என்பதையும் துண்டு வெட்டி ஊறப்போட்டுப் பார்த்தே தீர்மானியுங்கள்.

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒரு சிறு துளையைப் பற்றிச் சொல்லவேண்டும். இதற்காகவே நாம் இன்று முக்கியமாக வந்தோம்.

இங்குள்ள தோழர்கள் சிலர், ஷிப்டு முடிந்த நேரத்தில், மரத்தடியில் ஆங்கிள் இரும்புச் சட்டத்தில் ஒரு தகரத் தொட்டியும், பம்பும், வடிகட்டியும், அழுத்தமானியும் கட்டி, பக்கத்தில் மணல் வாளியும் வைத்துக்கொண்டு, மேற்சொன்னபடி அளந்து பழகிவருகிறார்கள். விமானம் பிறகு; முதலில் பெட்ரோல் என்பது அவர்கள் தீர்மானம். அது புத்தியுள்ள தீர்மானம். சென்ற ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அளந்தபோது, ஐந்து லிட்டர் மூன்றே முக்கால் நிமிஷத்தில் வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் பூஜை. சட்டத்துக்கு வாழைக்கன்று கட்டினார்கள். பம்புக்குப் பொட்டு, அழுத்தமானிக்குப் பொட்டு, தொட்டி மூடிக்குச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்கள். கூட வேலை செய்த ஒரு பெண் தோழரை மாத்திரம், "உனக்கு இன்று ஆகாது, தள்ளி நில்" என்று சொல்லிவிட்டார்கள். அதாவது மாதவிலக்காம். முந்தின நாள் வரை அதே குழாயை முடுக்கிய கை, அன்றைக்கு மாத்திரம் தீட்டாகிவிட்டது!

பூஜை முடிந்து பம்பைப் போட்டார்கள். முதல் லிட்டர் வந்தது. அப்புறம் பம்பு ஊளையிட்டது. பெட்ரோல் நூலாய் இளைத்தது. தொட்டியின் பக்கவாட்டுத் தகரம் "டொக்" கென்று உள்ளே அமுங்கிற்று. நாம் அன்று அங்கே இருந்தோம். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் "திருஷ்டி" என்றார். இன்னொருவர் "இராகு காலத்தில் ஆரம்பித்தது" என்றார். ஒருவர் மெதுவாக அந்தப் பெண் தோழரைப் பார்த்து, "சொல்லச் சொல்லக் கிட்ட வந்துவிட்டாயே" என்றார். புதுப் பம்பு வாங்கி மாட்டினார்கள், அதுவும் அப்படியே. பூசணிக்காய் உடைத்தார்கள், அதற்கும் பெட்ரோல் வரவில்லை.

அந்தப் பெண் தோழர் யாரிடமும் வாதாடவில்லை. நேரே போய்த் தொட்டியின் மூடியைத் திருகினார். "உஸ்" என்று காற்று உள்ளே போயிற்று. அமுங்கிய தகரம் நிமிர்ந்தது. பம்பு பழையபடி ஓடிற்று. சங்கதி என்ன? மூடியில் ஊசி பருமனுக்கு ஒரு காற்றுத் துளை உண்டு. பெட்ரோல் வெளியே போகப்போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். சந்தனம் அதை அடைத்துவிட்டது. தொட்டிக்குள் அழுத்தம் குறைந்தது. பம்புக்கு வந்த பெட்ரோல் பாதி ஆவியாயிற்று. அவ்வளவுதான். திருஷ்டியுமில்லை, இராகுவுமில்லை, தீட்டுமில்லை. யந்திரத்தைக் காப்பாற்றும் என்று வைத்த பொட்டே யந்திரத்தின் மூக்கை அடைத்தது.

தோழர்களே! இது தரையில் நடந்ததால் நாம் சிரிக்கின்றோம். இதே மூடி விமானத்தில் இருந்து, முந்நூறு அடி உயரத்தில் பம்பு ஊளையிட்டிருந்தால்? அப்போதும் என்ன சொல்லியிருப்பார்கள்? "விதி" என்றிருப்பார்கள். அந்தப் பெண் தோழரை ஆயுசு முழுவதும் பழித்திருப்பார்கள். சந்தனத்தின் மேல் ஒருவரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். மூடநம்பிக்கையால் வரும் பெரிய கெடுதி எது தெரியுமா? அது ஒரு பொட்டு வைப்பதோடு நிற்பதில்லை. கெட்டுப்போன பின் காரணத்தைத் தேடவிடாமல் கண்ணைக் கட்டிவிடுகிறது. காரணத்துக்குப் பதிலாக ஓர் ஏமாந்த ஆளைக் காட்டிவிடுகிறது. அந்த ஆள் எப்போதும் யார்? பெண்ணாயிருப்பாள், அல்லது சேரியிலிருந்து வந்தவராய் இருப்பார், அல்லது காண்டிராக்ட் கூலியாய் இருப்பார். மேஸ்திரியின் மேல் ஒருநாளும் தீட்டு வந்ததில்லை!

"பெரியவர்களே செய்கிறார்களே" என்று கேட்பீர்கள். வாஸ்தவம். 2019 அக்டோபர் 8ந் தேதி பிரான்சு தேசத்தில் ரபேல் யுத்த விமானத்தைப் பெற்றுக்கொண்ட நம் ராணுவ மந்திரி, அதன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். அந்த விமானத்தைக் கட்டிய பிரெஞ்சுக்காரர்கள், அது பறப்பதற்கு எத்தனை எலுமிச்சம்பழம் வேண்டுமென்று எந்தப் படத்திலாவது குறித்திருந்தார்களா? ராக்கெட் விடுகிற விஞ்ஞானிகள் அதன் சிறு மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோகிறார்கள். 2019 இல் சந்திராயன் இறங்குகலம் சந்திரனில் மோதி நொறுங்கிற்று. 2023 இல் அடுத்தது நன்றாய் இறங்கிற்று. நடுவில் என்ன நடந்தது? எங்கே எது தவறக்கூடும் என்று ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்து, கால்களைப் பலப்படுத்தி, பெட்ரோலுக்கு ஒப்பான அதன் எரிபொருளைக் கூட்டி, கணக்குகளைத் திருத்தினார்கள். கும்பிட்டது இரண்டு தடவையும் உண்டு. திருத்தியது ஒரு தடவைதான். எது இறக்கிற்று என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். குருவி உட்காரப் பனம்பழம் விழுந்தால், பழம் பழுத்ததை விட்டுவிட்டுக் குருவிக்குக் கோயில் கட்டுவது நம் வழக்கம்.

"ஆயுதத்துக்கு நன்றி காட்டவேண்டாமா?" என்று ஒரு தோழர் கேட்டார். காட்டவேண்டும். எப்படி? துடைத்து வையுங்கள், எண்ணெய் போடுங்கள், தேய்ந்ததை மாற்றுங்கள். பூஜை நாளன்று ஒவ்வொரு வடிகட்டியையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு ஹோசையும் வளைத்துப் பார்த்து வெடிப்பு இருந்தால் வெட்டி எறியுங்கள். காற்றுத் துளையில் ஊதிப் பாருங்கள். ஏனென்றால் சந்தனம் மாத்திரமல்ல, நம் ஊர்க் குளவியும் அந்தத் துளையில் மண் அடைக்கும். வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். விமானத்தின் காற்றுக் குழாயில் கட்டினால், பெற்ற பிள்ளையையும் இழக்கவேண்டியதுதான்! ஆகவே வாய்க்குச் சல்லடை கட்டுங்கள். இரண்டாவது துளை ஒன்றும் வேறு இடத்தில் வையுங்கள். பறக்குமுன் பார்க்கவேண்டியவற்றை ஒரு காகிதத்தில் எழுதி, ஒருவர் படிக்க மற்றொருவர் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் காகிதந்தான் உங்கள் மந்திரம். அதிலும் தப்பு இருந்தால் நாளைக்கே திருத்தலாம். வேதத்தைத்தான் திருத்த முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். அளந்து பழகுவது வேறு, ஏறிப் பறப்பது வேறு. சர்க்காரின் விமானத் துறையில் பதிவும் அனுமதியும் இல்லாமல் யாரும் பறக்கலாகாது. அது தாமதமாகும் என்பது மெய்யே. பம்பாயில் அமோல் யாதவ் என்னும் விமானி, தம் வீட்டு மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். 2016 இல் அதைக் காட்சிக்கு வைத்தார். 2017 இல்தான் பதிவு கிடைத்தது. பறந்து பரீட்சிக்க அனுமதி 2019 இல் கிடைத்தது. தாமதத்தைக் குறைக்கும்படி சர்க்காரிடம் சண்டை போடுங்கள். பரீட்சையைக் குறைக்கும்படி கேட்காதீர்கள். பரீட்சைக்குப் பயப்படுகிறவன் சாமியார். பரீட்சையைக் கேட்டு வாங்குகிறவனே தொழிலாளி.

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976 இல் நம் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். எழுதியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்களோ, நமக்கு அது கவலையில்லை. உங்கள் கையில் அந்தச் சட்டம் ஓர் ஊசித் துளையில் இருக்கின்றது. அதைத் திறந்து வையுங்கள். அந்தப் பெண் தோழரைத் தள்ளி நிற்கச் சொன்னவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்களைத் திட்டவேண்டும் என்று நாம் இதைச் சொல்லவில்லை. நாளைச் சாயங்காலம் மறுபடியும் அளக்கப்போகிறீர்கள் அல்லவா? ஜாடியை அவர் கையில் கொடுங்கள். காற்றுத் துளையைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் முதல் ஆள் அவராய் இருக்கட்டும். அவ்வளவு செய்தால், நாம் இங்கு வந்ததற்குப் பலன் உண்டு.